ரத்தம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு?

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போய் இன்று முன்வரிசையைப் பிடித்திருக்கும் நண்பர்களே, கறவையாளர்களே, அம்மையாரின் மகளே, மருமகனே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பண்ணை ஆய்வு நிலையத்தின் பால் பதிவாளர், முப்பத்தொரு ஆண்டுகள் தராசோடு நின்றவர், நம் பால்மானி அம்மா மறைந்துவிட்டார். ஒரு துளி தண்ணீரையும் காட்டிக்கொடுப்பார் என்பதால் வந்த பெயர் அது! அதன் முன் என் முனைவர் பட்டம் எம்மாத்திரம்?

ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே அரங்கில் நான் அறிவித்தேன்: மாட்டுக்கு மாடு பால் வித்தியாசப்படுவதில் நூற்றுக்கு அறுபது பங்கு பரம்பரை, ஆகவே தாயின் கறவையைப் பார்த்தே காளையைத் தேர்ந்துவிடலாம். கைதட்டினீர்கள். கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்தார்.

"சார், நீங்க எடுத்துக்கிட்ட தாயும் மகளும் ஒரே கொட்டகையில நிக்குது, ஒரே புண்ணாக்கைத் திங்குது. இதுல ரத்தம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு?"

"பாலை அளக்கறதுதாம்மா உங்க வேலை. அதை மட்டும் பாருங்க."

"அளந்து அளந்துதான் சார் சந்தேகமே வந்துச்சு."

அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

அவர் சும்மா இருந்தாரா? ஏழு காளைகளின் மகள்களைத் தேடி நாற்பத்திரண்டு கொட்டகைகளுக்குப் போனார். காலையில் அளந்தார், மாலையில் அளந்தார். பக்கத்தில் அதே தீவனம் தின்ற வேறு ரத்தத்து மாட்டின் பாலையும் அளந்தார். முழங்கால் வீங்கியபோதும் அளந்தார். நான்கு ஆண்டுகள்! அந்தப் பதிவேடுகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு ஆண்டுகள் நான் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

அவர் மறைந்த மறுநாள் பிரித்தேன். மூன்று முறை கணக்குப் போட்டேன். பரம்பரையின் பங்கு அறுபது அல்ல, இருபத்தைந்து. தாய்க்குப் பால் குறைவு என்று நான் ஒதுக்கிய காளை, சத்தமே போடாத நம் ஊமையன், அதன் மகள்கள்தான் எல்லாக் கொட்டகையிலும் முன்னால் நின்றன. பெருமையோடு சொல்கிறேன்: என்னைத் தோற்கடித்தவர் பால்மானி அம்மா!

அடுத்த மாதம் முதல் அவருடைய தராசை நான் தூக்குகிறேன். ஆனால் திங்கட்கிழமை ஊமையனை அடிமாட்டுக்கு அனுப்ப உத்தரவு இருக்கிறது. அதில் முதல் கையெழுத்து என்னுடையது. இன்று காலை அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இரண்டாவது கையெழுத்து இயக்குநருடையது. ஐயா, தாள் இதோ. நீங்களும் உங்கள் கையெழுத்தை அடிக்கும் வரை நான் இந்த ஒலிவாங்கியை விட்டு நகரப்போவதில்லை.