அத்தான் கையில் ஆடிய புள்ளி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி லேசாக ஆடும், மேடம். பயப்பட வேண்டாம், விழாது. பின்னங்கால் ஒன்றுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தது நான்தான். பத்துப் பேர் உட்கார்ந்து ஊரார் சாமான்களை எல்லாம் பழுதுபார்க்கிற இடம் இது. சொந்த நாற்காலிக்கு வைத்தியம் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நேற்று நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி. கையில் பிடித்து ஆடுகிற வீடியோ விளையாட்டுக் கருவிகளின் முதல் தொகுதியில் ஒன்று திரும்பி வரவில்லை, அது ஞாயிற்றுக்கிழமை தோறும் என் அத்தான் வீட்டிலிருந்து இயங்குவதாக உங்கள் கணினி சொல்கிறது, ஏன் என்பது ஒன்று. பழுதைப் பற்றிய சுற்றறிக்கையைப் படித்ததாக அத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, தெரிந்தே எடுத்துப் போனாரா என்பது இன்னொன்று. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி எழுந்து போயிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் திருட்டுப் பட்டம் அத்தான் தலையில் விழும். அது எனக்குப் பொறுக்காது. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்கா வீட்டுக்காரரை. இங்கே மூத்த மெக்கானிக்காக இருந்தார். ஆள் பார்க்க மூட்டை தூக்குகிறவர் மாதிரி இருப்பார். உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம். ஆனால் பூதக்கண்ணாடிக்குக் கீழே போனால் அதே கை குழந்தைக்கு மை எழுதுகிற கை ஆகிவிடும். முடியளவு கம்பியை மூச்சுப் பிடிக்காமல் பற்றவைப்பார். மற்ற கடைகள் ஆகாது என்று கைவிட்டதெல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும்.

நான் நாலு வேலையை விட்டவன். சரியாகச் சொன்னால் நாலு வேலை என்னை விட்டன. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டு முன்னறையில் பாயை விரித்தேன். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. அத்தான்தான் என்னை இங்கே சேர்த்துவிட்டார். கம்பி பற்றவைக்கிற சூட்டுக்கோலை என் கையில் கொடுத்தால் கருவியோடு மேசையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பது இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் பதிவேடு எழுதுவது, கம்பெனியிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துப் பலகையில் ஒட்டுவது, ஆட்களைச் சிரிக்கவைப்பது எல்லாம் என் இலாகா ஆயிற்று. கடைசி வேலைக்கு மட்டும் நியமனக் கடிதம் இல்லை.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. கருவியை இரண்டு கையாலும் பிடித்தால் அதன் சாய்வைக் காட்டுகிற சோதனைத் திரை ஒன்று வரும். ஒரு வெள்ளை வட்டம், நடுவில் சிவப்புப் புள்ளி. கை ஆடினால் புள்ளி ஆடும். காலையில் வேலை தொடங்குவதற்கு முன், யார் ஒரு நிமிடம் புள்ளியை ஆடாமல் வைத்திருக்கிறார்கள் என்று போட்டி. எத்தனையோ மாடல் வந்து போயிற்று, அத்தான் தோற்றதே கிடையாது.

புது மாடல் வந்த அன்று தோற்றார்.

முதல் நாற்பது விநாடி புள்ளி சிலை மாதிரி நின்றது. பிறகு நடுங்க ஆரம்பித்தது. வரவேற்பு மேசைப் பெண் வாங்கிப் பிடித்தாள், அவள் கையில் ஆடவில்லை. நான் பிடித்தேன், எனக்கே ஆடவில்லை.

"என்ன சார், காலையிலேயே வீட்ல ஒரு ரவுண்டு நடந்துச்சா?" என்றாள் அவள்.

"வாங்கின திட்டு இன்னும் இறங்கல போல" என்று நானும் சேர்ந்துகொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவருடைய அப்பாவுக்கு நடுக்க நோய் இருந்தது. கடைசி ஆறு வருஷம் தம்ளரைத் தூக்க முடியாமல் ஸ்பூனால் ஊட்டினார்கள். ஊட்டினது அத்தான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

அவர் நல்ல மெக்கானிக், முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டார். மூன்று கருவியை மேசை மேல் தாங்கியில் நிறுத்திப் பார்த்தார். புள்ளி அசையவில்லை. கையில் எடுத்தார், ஆடியது. அதற்கு மேல் யாரைச் சந்தேகப்படுவது. 'துப்பாக்கி குறி நிற்கமாட்டேன் என்கிறது' என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த கருவிகளுக்கும் அதே சோதனைதான். "கருவியில ஒண்ணும் இல்ல மாப்ளே. பாவம், இவங்களுக்கும் என்னை மாதிரி கை ஆட்டமா இருக்கும்" என்று சொல்லி, பழுதில்லை என்று சீட்டு எழுதித் தந்தார்.

மூன்றாம் நாள் உங்கள் சுற்றறிக்கை வந்தது. பழுதுபார்ப்போர் பார்வைக்கு மட்டும் என்று தலையில் போட்டிருந்தது. முதல் தொகுதியில், பின்பக்கக் காற்றுத்துளையைப் பெரிய உள்ளங்கை மூடிக்கொண்டால் உள்ளே சூடேறி, சாய்வு அளக்கிற சில்லு தானாகவே நடுங்கும். தாங்கியில் நிறுத்தினால் நடுங்காது, சின்னக் கை என்றாலும் நடுங்காது. அரைப் பக்கம்தான். தெளிவாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மேடம். காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அத்தான் மேசைக்குப் போனேன். அவரை இன்னும் ஒரு வாரம் ஓட்டுவதற்கு இரண்டு நகைச்சுவைகூட வழியிலேயே தயார் செய்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார். "உன்கிட்ட சொல்லல மாப்ளே. பயிற்சிப் பள்ளியில என்னை வாத்தியாரா கூப்பிட்டிருக்காங்க. வேற ஊரு. வீடும் தராங்க. அக்காவுக்கும் ரொம்ப ஆசை. அடுத்த மாசம் போறதா இருந்தோம்."

"நான்?" என்று கேட்டேன். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை கேட்கிற கேள்வி அல்ல அது. எனக்கே தெரிந்தது.

"உனக்கென்னடா, தனியா ஒரு ரூம் பார்த்துக்கலாம்னு அக்கா சொன்னா. இப்ப அந்தப் பேச்சே வேண்டாம். இந்தக் கையை வச்சுக்கிட்டு நாலு பேருக்கு நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க? வரலைன்னு எழுதிடப் போறேன். சரி, நீ எதுக்கு வந்த?"

வாய் வரைக்கும் வந்தது. காகிதம் கையில்தான் இருந்தது. நான்காக மடித்தேன்.

"சும்மாதான், டீ சொல்லட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

மடித்ததற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் படித்த எல்லோருடைய கையெழுத்தும் போட்டு அறிக்கையை உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமே. பத்துக் கையெழுத்து இருந்தது அல்லவா. பத்தும் என்னுடையவை. அத்தான் கையெழுத்துதான் கொஞ்சம் கஷ்டப்படுத்தியது. அவர் எழுத்தில் ஒரு நடுக்கமும் கிடையாது, என் கைக்கு அது வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பள்ளிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டார். இரண்டு நாள் சொல்லாமல் வைத்துக்கொண்டு, ஆபத்து நீங்கியதும் சொல்லிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அப்போது சொன்னால், இதை ஏன்டா நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார். ஒரு வாரம் கழித்தென்றால் போன வாரம் ஏன் சொல்லவில்லை என்பார். நாள் ஆக ஆகக் கேள்வியின் வயதுதான் கூடிற்று. பதிலின் வயது கூடவே இல்லை.

மூன்று வாரத்தில் பற்றவைக்கிற வேலையை விட்டார். யாராவது பார்த்தால் கை நிஜமாகவே கொஞ்சம் தடுமாற ஆரம்பித்திருந்தது, பயத்தில். கருவிகளின் மேல்மூடியைத் துடைக்கிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மருத்துவர், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அப்பாவுக்கு இருந்தது என்கிறீர்கள், எதற்கும் கவனமாக இருங்கள் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் மதியம் வரை தூங்குவார். ஒன்றரை மாதத்தில் வேலையையே விட்டார். கடைசி நாளில், முடியளவு கம்பியைப் பிடிக்கிற தன் சாமணத்தையும் பூதக்கண்ணாடியையும் என் மேசையில் வைத்துவிட்டு, "வச்சுக்க மாப்ளே, உனக்கு உதவாது, ஆனா வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல" என்றார். நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

வீட்டில் நான் அவரை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். அக்காவைக் கேட்டுப் பாருங்கள். தம்ளரில் பாதிதான் ஊற்றுவேன். சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுவேன். அவராலேயே போட முடியும், ஆனால் எதற்கு வம்பு. "இவன் மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருப்போம்" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். தனி ரூம் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டரை மாதத்தில் நீங்கள் பழுதைச் சரிசெய்யும் மென்பொருளை அனுப்பினீர்கள். 'சிறு மேம்பாடு' என்று மட்டும் குறிப்பு. எது கெட்டிருந்தது, எது மேம்பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்தபோது, எழுதினவர் யாரோ, நம்ம ஆள் என்று தோன்றியது. முதல் தொகுதியில் எங்களிடம் இருந்த எல்லாவற்றுக்கும் அதை ஏற்றினோம். ஒன்றுக்கு மட்டும் நான் ஏற்றவில்லை. அதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

ஏன் என்றால், அத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் கையைச் சோதித்துப் பார்ப்பார். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை. மருத்துவரைவிடச் சிவப்புப் புள்ளியைத்தான் நம்பினார். நான் கருவியைக் கொண்டுபோவேன். அவர் பிடிப்பார். நான் விநாடி எண்ணுவேன். நாற்பதில் புள்ளி ஆடும். "போன வாரம் மாதிரியேதான் இருக்கு, கூடல" என்று சொல்லித் தேற்றுவேன். அது பொய் இல்லையே.

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அத்தான் வேலையை விட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அக்கா மகள் தன் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருக்கிறாள். அத்தானுக்கு முதல் பேத்தி. பிறந்ததிலிருந்து அவர் அவளைத் தூக்கியதே இல்லை. கிட்டே போவார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் இங்கே பதிவேட்டை முடிக்க வந்திருந்தேன். பதினொரு மணிக்குத் தொலைபேசி.

"மாப்ளே, பாப்பா கட்டில்லேர்ந்து உருண்டுட்டா. நான் பிடிச்சிட்டேன்டா. ரெண்டு கையாலயும். அரை மணி நேரமா வச்சிருக்கேன், உங்க அக்கா வாங்க வந்தும் குடுக்கல. கை ஆடவே இல்லடா. நீ உடனே அந்த மெஷினை எடுத்துட்டு வா. எனக்கு என்னமோ சரியாயிடுச்சுன்னு தோணுது."

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. "அந்த வாத்தியார் வேலை இன்னும் காலியாத்தான் இருக்காம், விசாரிச்சிட்டேன்" என்று அவள் சொன்னதும் கேட்டது.

என் மேசையில் இரண்டு கருவி இருந்தன, மேடம். ஒன்று மென்பொருள் ஏற்றியது. அதை யார் பிடித்தாலும், எவ்வளவு பெரிய கையானாலும், புள்ளி நிற்கும். இன்னொன்று உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நிறம், ஒரே எடை. அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் நான் அவசரப்படவில்லை. உட்கார்ந்து யோசித்து, ஒன்றை அலமாரியில் வைத்துப் பூட்டி, இன்னொன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அத்தான் குளித்துச் சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். பொத்தானை அவரே போட்டிருந்தார். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுக் கருவியை வாங்கிக்கொண்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் எண்ணினேன். முப்பது வரைக்கும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டில் புள்ளி அசைந்தது. நாற்பத்தைந்தில் வட்டத்தைவிட்டே வெளியே போய்விட்டது.

அவர் கருவியை மெதுவாக மேசையில் வைத்தார். "சரி விடுங்க. அரை மணி நேரம் ஆசைப்பட்டுட்டேன்" என்றார். குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவர் திருடவில்லை. அவருக்கு நோயும் இல்லை, இதுவரை இல்லை. இவை இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், இந்த முறை என் பெயரையே போடுகிறேன். ஆனால் அன்றைக்கு ஏன் நல்ல கருவியை எடுத்துப் போகவில்லை என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பதுதான் எனக்குப் புரியவில்லை. புள்ளி ஆடாமல் நின்றிருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார். முழுசாகக் குணமாகிவிட்டதாக நம்பி, வேலையை ஒப்புக்கொண்டு, வேறு ஊருக்குப் போயிருப்பார். அப்பாவுக்கு வந்தது நாளைக்கு அவருக்கும் வராது என்று யார் கண்டார்கள். பொத்தான் போட்டுவிட அங்கே நான்கூட இருக்கமாட்டேன். பொய்யாக ஒரு நம்பிக்கையைக் கொடுத்து மனுஷனை ஏமாற்ற எனக்கு மனசு வராது, மேடம்.