அவளுக்கு யானை வந்தது

எனக்குக் காலையில் எழுந்திருப்பது சின்ன வயதிலிருந்தே சிரமம் சார். முதல் வகுப்பு முடிகிற நேரத்தில்தான் எனக்கு விடியும். விடுதியில் என் அறைத்தோழி என்னை உலுக்கிப் பார்த்துவிட்டு, விலகிய போர்வையைச் சரிசெய்துவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போவாள். வருகை எடுக்கும்போது குரலை மாற்றி எனக்கும் அவளே பதில் சொல்வாள். உங்கள் வகுப்பிலும்தான். மன்னிக்க வேண்டும்.

உயரத்துக்காக அவளை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "இனிமே உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்டி. எனக்கே அசிங்கமா இருக்கு. எந்திரிச்சு வா, சேர்ந்தே போவோம்."

அவள் சொன்னது நியாயம். ஆனாலும் நான் எழவில்லை. வருகை போதாதென்று என்னைப் பருவத்தேர்வு எழுத விடவில்லை. அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் பரிந்துரைத்து அவள் வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள்.

வகுப்புக்குப் போகாத நேரமெல்லாம் நான் போனில் வினாடி வினா விளையாடுவேன். 'நீங்கள் எந்த மரம்?', 'நீங்கள் எந்த நிறம்?', இப்படி. பிறகு நானே தயாரித்துப் பதிவிட ஆரம்பித்தேன். நேரே கேட்டால் சொல்லாததையெல்லாம் விளையாட்டாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 'உங்களுக்குள் ஒளிந்திருக்கும் விலங்கு எது?' என்று ஒன்று போட்டேன். முதல் ஆசிரியையின் பெயர், முதலில் வளர்த்த பிராணியின் பெயர் எல்லாம் அதில் கேட்டிருந்தேன். அவள் பள்ளி நாளில் தொடங்கிய மின்னஞ்சல் கணக்கு, கடவுச்சொல் மறந்தால் கேட்பதும் அதே கேள்விகளைத்தான். நூறு பேர் விளையாடினார்கள். எனக்கு வேண்டியது ஒருத்தியின் பதில்.

கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் சிரித்தாள். "ஏய், எனக்கு யானை வந்திருக்குடி!"

அந்தப் பதில்களை வைத்து அவள் கணக்குக்குள் போய், இடம் கிடைத்த கடிதத்தை அவள் பார்ப்பதற்கு முன்பே நான் படித்தேன். குடும்பச் சூழ்நிலையால் சேர இயலவில்லை, மிக்க நன்றி என்று அவள் பெயரில் பணிவாகவே பதில் எழுதினேன். பிறகு இரண்டையும் அழித்தேன். கெடுதல் நினைக்கவில்லை சார். கொஞ்ச காலம் அவளும் என்னோடு நிற்கட்டும் என்றுதான்.

அவள் காத்திருந்தாள். சாப்பிடும்போதும் போனைத் தட்டோடு ஒட்டியே வைத்திருப்பாள். கடைசித் தேதி போனதும் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் சீக்கிரம் எழப் பழகிக்கொண்டேன். அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்புவேன். வருகை எடுக்கும்போது அவளுக்கும் நானே பதில் சொன்னேன். அவள் அம்மா தையல்காரர். "நீ கூட இருக்கேங்கிறதாலதான்மா எனக்குத் தூக்கமே வருது" என்று போனில் அழுதார். "நான் பாத்துக்கிறேன்மா" என்றேன்.

பிறகு அவளே மறுத்து எழுதியதாக உங்களுக்குத் தெரியவந்தது. அவளை வகுப்புக்கு வரவழைத்து, எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "உனக்காகப் பேசின என் மூஞ்சில கரியைப் பூசிட்டியேம்மா" என்றீர்கள். "நான் எழுதல சார், சத்தியமா நான் எழுதல" என்றாள். நீங்கள் நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பை விட்டுவிட்டாள். இப்போது அம்மாவின் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறாள். "நானே தூக்கத்துல எழுதிட்டேனோ என்னவோடி" என்று போன வாரம் கேட்டாள். அப்படியும் நடக்கும், மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று ஆறுதல் சொன்னேன்.

எழுதியது நான்தான் சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மனசு விட்டுப் பேச அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?