கரியர் நனையக்கூடாது

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியிருந்த காலம். திருநெல்வேலிச் சந்தையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கடை வாசலில் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி மழைக்கோட்டு பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இடுப்பளவில் கட்டையான ஒன்றை விரித்துக் காட்டினார்.

"இதை எடுங்கோ அண்ணை. கமக்கட்டுக்குக் கீழை ஓட்டை இருக்கு, காத்துப் போகும். மற்ற நீட்டுக் கோட்டைப் போட்டுச் சைக்கிள் உழக்கினா, உள்ளுக்கை வேர்த்தே நனைஞ்சு போவியள்."

"நான் நனைஞ்சாப் பரவாயில்லை. சைக்கிளின்ரை பின் கரியர் நனையக்கூடாது."

வரிசையில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரியரிலை அப்பிடி என்ன கொண்டு போறியள்?" என்றார் கடைக்காரர்.

"என்ரை மனிசி அதிலைதான் இருக்கிறவ."

"அக்கா கொழும்பிலை எல்லே? பாதை பூட்டினதிலையிருந்து வர ஏலாமல்..."

"ஓம். திறந்தா வருவா தானே. மாரி மழைக்கை திறந்தா?"

கடைக்காரர் நீளமானதை எடுத்துக் கொடுத்தார். சைக்கிள்காரர் அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறி இருந்தார். கையைப் பின்னால் விட்டு, கோட்டின் தொங்கலை வெறும் கரியரின் மேல் இழுத்து விரித்தார். பிறகு இடப்பக்கம் குனிந்து பார்த்தார்.

"அவ ரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டுத்தான் இருப்பா. கால் நனையும் தம்பி. இன்னும் நீட்டா ஒண்டு இருக்கோ?"