துண்டுக்கு வெளியே ஆறு நம்பர்

— ஆறு நம்பரையும் நீங்களே அடிச்சீங்களா லட்சுமணசாமியண்ணா? வேற யாரும் புடுங்கிப் பாக்கலியே?

— நானேதான் அடிச்சேன் சஹீர் பாய். பஸ் ஸ்டாண்டுல 'ஃப்ரீ வைஃபை'ன்னு வந்துச்சு. மொதல்ல போன் நம்பரக் கேட்டுது. அப்பறம், மெசேஜ்ல வந்த நம்பரப் போடுன்னுது. ஓசியில குடுக்கறவன் நாலு கேள்வி கேக்கத்தான் செய்வான்னு போட்டுட்டேன்.

— மெசேஜ்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கலியா?

— கண்ணாடி பையில இருந்துச்சு. நம்பர் மட்டும் பெருசாத் தெரிஞ்சுது.

— அது வைஃபைக்கு வந்ததில்லீங்ணா. உங்க வாட்ஸப்ப இன்னொரு போன்ல தொறக்கற சாவி. 'யாருக்கும் சொல்லாதே'ன்னு அதுக்கடியிலயே போட்டிருக்குது பாருங்க.

— என்ர போன்ல வாட்ஸப் செத்துக் கெடக்குதே, அதனாலதானா?

— அதனாலதான். ஓசி வைஃபைல படம் பாருங்க, பாட்டுக் கேளுங்க. நம்பரு, பாஸ்வேர்டுன்னு கேட்டா எந்திரிச்சு வந்துரோணும். முப்பது வருசமா மாட்டு யாவாரம் பண்றீங்க. துண்டைப் போட்டு மூடி, விரலப் புடிச்சு வெல பேசறீங்க. ஒட்டி நிக்கறவனுக்குக்கூட ரூவா தெரியாது. அப்பேர்ப்பட்ட ஆளு...

— குத்திக் காட்டாத பாய். சந்தையில எதிராளி மூஞ்சியாச்சும் தெரியும். இங்க எவன் கையப் புடிச்சேன்னே தெரியல. நீ செல்போன் கடைக்காரன், என்ர வாட்ஸப்பத் திருப்பி வாங்கிக் குடு.

— மூணு வாட்டி பாத்துட்டேன். 'பன்னெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க'ங்கறான்.

— பன்னெண்டா? ஒரு ரெண்டு மணி நேரத்துக்குக் கொறைச்சுப் பேசிப் பாரு.

— யாருகிட்டப் பேசறதுங்ணா? அந்தப் பக்கம் ஆளே கெடையாது. அட, இந்தா, எனக்கே வந்திருச்சு பாருங்க! 'சஹீர், அவசரம். இருவதாயிரம் இந்த நம்பருக்குப் போடு. பொழுதோட தாரேன்.' உங்க போட்டோவோட.

— போட்டுடாத!

— எதுத்தாப்பல உக்காந்திருக்கறீங்க, எதுக்குப் போடறேன்?

— ஐயோ, அப்ப என்ர ஊட்டுக்காரி ராமாமணிக்கும் போயிருக்குமே! எங்க புள்ள இனியாவோட காலேஜ் பீஸு மூணு லட்சம் அவ கணக்குல கெடக்குது. இன்னைக்குக் கட்டோணும். நான் சொன்னேன்னா எந்த நம்பருக்கும் போட்டுடுவா.

— உடனே கூப்பிடுங்க.

— மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கறாளே.

— பேங்குல சொல்லி நிறுத்தலாமா?

— கணக்கு அவ பேர்ல. அவதான் சொல்லோணும்.

— பக்கத்து ஊட்டுக்காரங்க யாராச்சும்?

— அவிநாசி தாண்டித் தோட்டத்துக்குள்ள ஊடு பாய். கத்துனாக்கூடக் கேக்காது. இங்கிருந்து பஸ் ஏறிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும்.

— இருங்க, என்ர போன்ல போடறேன். எடுத்துட்டாங்க. ஸ்பீக்கர்ல இருக்குது, பேசுங்க.

— ராமாமணி! நாந்தான் பேசறேன்!

— யாருங்க நீங்க?

— கொரல் தெரியலையா உனக்கு?

— கொரல் அவரு கொரலாட்டமே இருக்குதுங்க. ஆனா, 'என்ர கொரல்லயே கம்ப்யூட்டர்ல பேசி ஏமாத்தறானுக, எவன் கூப்பிட்டாலும் நம்பாத'ன்னு அவரு இப்பத்தான் மெசேஜ் போட்டாரு. அதுக்குத்தான் அவரு நம்பர்ல வந்ததக்கூட நான் எடுக்கல.

— அத எழுதுனவன்தான் திருடன்! என்ர கண்ணுல்ல, என்ர தங்கமில்ல... உன்ர கால்ல வேணாலும் உழுகறேன். அந்தப் பணத்த மட்டும் அனுப்பிடாத அம்மணி!

— இப்ப உறுதியாத் தெரிஞ்சுபோச்சுங்க. இருவத்திரண்டு வருசத்துல அவரு என்னைய ஒரு நாளும் கண்ணுன்னு கூப்பிட்டதில்ல. மெசேஜ்ல, 'ஏய், போட்டியா இல்லையா?'ன்னு கேட்டிருக்காரு பாருங்க, அதுதானுங்க என்ர ஊட்டுக்காரரு. வெச்சர்றனுங்க, பணம் அனுப்போணும்.