கரடி கண் சிமிட்டும் வேகம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கைப் பெண்ணின் மடியில் கரடி வேஷத்தின் பெரிய தலை இருந்தது. பக்கத்தில் அதைப் பழுது பார்த்த மெக்கானிக்.

"முடியை ஷாம்பு போட்டு அலசிட்டேன்க்கா. கண்ணு மோட்டாரைத் தொடச்சி ஸ்பீடும் ஏத்திட்டேன். முன்ன தூங்கி வழிஞ்சிக்கினு இருந்துது."

"அது ரிப்பேர் இல்லப்பா. கல்யாண மண்டபத்துல டக்கு டக்குனு சிமிட்டினா கொழந்தைங்க பயந்து அழுவும். அதான் எங்க வூட்டுக்காரரு மெதுவா வெச்சாரு. அப்பறம் அதுங்களே கிட்ட வந்து, கண்ணையே பாத்துக்கினு நிக்கும். இப்ப அவரு இல்ல. நான்தான் மாட்டிக்கினு போறேன்."

மெக்கானிக் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, கரடியின் காதுக்குப் பின்னால் திருகினார். கரடி கண்ணை மூடித் திறந்தது.

"இப்படியாக்கா?"

"இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றார் அந்தப் பெண்.