ஒரே குடைக்குள் வேட்பாளர்

எங்கள் வீட்டில் காலைத் தேநீர் போடுவது நான்தான், ஐயா. பெண்களை மதிக்காதவன் என்று என்மேல் முறைப்பாடு வந்திருப்பதைச் சொன்னதும் என் மனைவியே சிரித்துவிட்டாள்.

மக்கீன் என்றால் மாத்தளையில் தெரியாதவர் இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருடமாகப் பத்திரிகை நிருபர். உடைந்த பாலம், யானை மிதித்த வாழை, இதுதான் என் எழுத்து. போன தேர்தல் வரை என் பெயர் அச்சில் வந்தது இரண்டே தடவை. அதில் ஒன்று வாப்பாவின் மரண அறிவித்தல்.

கலேவெலயில் பாலர் பாடசாலை நடத்தும் றுக்ஸானா பிரதேச சபைத் தேர்தலில் நின்றார். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவர் நாற்பது நிமிடம் பேசியதை எழுதி அனுப்பினேன். குப்பைக்குப் போனது. அவருடைய பச்சை அபாயாவைப் பற்றி நான்கு வரி அனுப்பினேன். என் பெயரோடு வந்தது. "அந்தப் பொம்பளையப் பத்தி இன்னும் இருந்தா அனுப்புங்க மக்கீன்" என்று கொழும்பிலிருந்து போன் வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கூட்டம் முடிந்ததும் மழை. றுக்ஸானாவும் அவர் தம்பி பஸ்லியும் ஒரு குடைக்குள் நின்றார்கள், ஒட்டினாற்போல் அவர்களுடைய உம்மாவும் றுக்ஸானாவின் இரண்டு பிள்ளைகளும். எங்கள் ஊர்ப் படத்துக்கு ஒரு பத்தி அகலம்தான் தருவார்கள். ஐந்து பேர் அடங்காது. உம்மாவையும் பிள்ளைகளையும் வெட்டினேன். 'ஒரே குடைக்குள் வேட்பாளர்' என்று தலைப்பு வைத்தேன். பக்கத்தில் நிற்பவர் யாரென்று எழுதவில்லை. பொய் எழுதும் பழக்கம் எனக்கில்லை.

பேஸ்புக்கில் ஊரே றுக்ஸானாவைக் காறித் துப்பியது. அது பஸ்லி என்று கணவர் வீட்டாருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாதே. மானம் போகிறதென்று பிள்ளைகளைக் குருநாகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பஸ்லி என் வாசலுக்கு வந்தான். "மக்கீன் நானா, கூடப்பொறந்த தம்பின்னு ஒரு வரி போட்டுருங்க. ஊரு வாய் அடங்கினாத்தான் புள்ளைங்கள அனுப்புவாங்களாம்."

அவன் யாரென்று எனக்குத் தெரியாதா? அவன் கல்யாணத்தில் இரண்டு தடவை புரியாணி வாங்கிச் சாப்பிட்டவன் நான். அந்த வரியை அன்றே எழுதினேன், போனில் இன்னும் இருக்கிறது. அனுப்பினால் மறுநாள் எழுத என்ன இருக்கும்? 'பிள்ளைகளைப் பிரிந்தார் வேட்பாளர்' என்று எழுதினேன். முதற்பக்கம்.

றுக்ஸானா தோற்றார். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அவர் தரப்பையும் கேட்கத்தான் பேட்டிக்கு மூன்று தடவை போனேன், கதவே திறக்கவில்லை. பத்திரிகைக்காரனோடு இரண்டு வார்த்தை பேசத் தெரியாதவர்கள் அரசியலுக்கு ஏன் வருகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை, ஐயா.