ஊதிப்போன பைகளைக் குத்தி மீண்டும் ஒட்டியது பற்றி

பெயர்: கந்தையா செல்வரத்தினம். வயது: 73. தொழில்: இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர், தற்போது சாப்பாட்டுக் கடையொன்றில் காசாளர். முகவரி: கஜேந்திரன் என்பவரின் சாப்பாட்டுக் கடையின் பின் அறை, நல்லதண்ணி. பதியப்பட்டது: 2025.03.17, காலை 9.40.

ஒழுங்கு தவறிப் பேசிவிடுவேன் என்ற பயத்தில், சொல்லப்போவதை ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதி வந்தேன். வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் பொலிஸ் அதிகாரி அதை அப்படியே சேர்க்கச் சம்மதித்தார்.

1. கடையில் என் வேலை.
2. சீலர் இயந்திரமும் ஃபிரீசரும் பாவிக்கப்பட்ட விதம்.
3. பைகளுக்குள் வெளிக்காற்று புகுந்ததும் அதற்கு நாங்கள் செய்ததும்.
4. பதினான்காம் திகதி காலை நடந்தது.
5. சமையற்காரி அம்மாக்கண்ணு மீது பிழையில்லை என்பது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். முப்பத்திரண்டு வருடம் இந்தப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தேன். மனைவி காலமான பின்னர் கஜேந்திரனின் கடையில் கல்லாவில் இருக்கிறேன். அவர் தங்க அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் தருகிறார். பொருட்களுக்குத் திகதிச் சீட்டு எழுதி ஒட்டுவதும் என் பொறுப்பு.

கடந்த டிசம்பரில் கஜேந்திரனின் மைத்துனர் இத்தாலியிலிருந்து ஒரு வெக்கியூம் சீலர் கொண்டுவந்து கொடுத்தார். பையில் கறியை இட்டு, பையின் வாயை அதில் வைத்து மூடியை அழுத்தினால், அது காற்றை உறிஞ்சி எடுத்து, வாயைச் சூடாக்கி ஒட்டிவிடும். மலை யாத்திரைக் காலத்தில், பௌர்ணமிப் போயா நாட்களில் கூட்டம் தாங்க முடியாதபடியால், கறிகளை முன்கூட்டியே சமைத்து இவ்வாறு ஒட்டி ஃபிரீசரில் வைக்கக் கஜேந்திரன் தீர்மானித்தார். பெப்ரவரி 24ஆம் திகதி அம்மாக்கண்ணு கெட்டியாக வற்றவைத்த பருப்பையும் பலாக்காய்க் கறியையும் ஆறவைத்து, நாற்பது பைகளில் இட்டு ஒட்டினார். அவர் கைகளைச் சவர்க்காரத்தால் கழுவியதை நான் கண்டேன். அதன் பின்னர் நான் சீட்டு ஒட்டினேன்.

ஃபிரீசரைக் கஜேந்திரன் தினமும் மாலை ஆறு மணிக்கு நிறுத்தி, காலையில் மீண்டும் போடுவார். நான் ஒரு தடவை மெதுவாகக் கேட்டபோது, "இந்தக் குளிருல மனுசனே வெறைச்சுப் போறான், பருப்புக்கு என்னா சேர் ஃபிரீசரு?" என்றார். அங்கே குளிர் கடுமையானதுதான் என்று எனக்கும் பட்டது.

மார்ச் 5ஆம் திகதி காலை அம்மாக்கண்ணு ஒரு பையை என்னிடம் கொண்டுவந்தார். வகுப்பில் அறுத்துக் காட்டும் தவளையின் வயிறுபோல அது உப்பியிருந்தது. அதை நான் கஜேந்திரனிடம் காட்டினேன். ஒட்டு சரியில்லை, வெளிக்காற்று புகுந்துவிட்டது, குத்தி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள் என்றார். அதன் பின்னர் நான் குண்டூசியால் பையைக் குத்தினேன். 'புஸ்' என்று காற்று போனது. துளை வழியாக மஞ்சள் நிறத்தில் நுரை வந்து என் விரலில் வழிந்தது. பசைபோல இழுபட்ட அதைக் கடதாசியால் துடைத்தேன். துளை இருந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பையை மீண்டும் ஒட்டினேன். புதிய சீட்டில் எந்தத் திகதி எழுதுவது என்று கேட்டேன். "இன்னைக்கித்தானே ஒட்டுனீங்க? இன்னைக்குத் தேதிய எழுதுங்க" என்றார் கஜேந்திரன். சீட்டில் 'சமைத்த திகதி' என்று இல்லை, 'ஒட்டிய திகதி' என்றே இருக்கிறது, ஆகவே இது பொய்யாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினேன்.

இரண்டு நாளில் அதே பையும் வேறு ஆறு பைகளும் ஊதின. பத்து நாட்களுக்குள் பத்தொன்பது பைகளைக் குத்தி ஒட்டியதாக என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. சிலவற்றை மூன்று தடவை குத்தினேன். குத்தும் ஒவ்வொரு தடவையும் பை இரண்டு விரல் அளவு குட்டையாகும்.

12ஆம் திகதி அம்மாக்கண்ணு, "சேர், இது நாய்க்குக்கூட ஆகாதுங்க. கையில பட்டா சோறு எறங்க மாட்டேங்குது" என்று சொல்லி, ஐந்து பைகளைக் கொண்டுபோய்க் கடைக்குப் பின்னாலுள்ள குப்பைக் குழியில் போட்டார். கஜேந்திரன் அதைக் கண்டு, "தோட்டத்து லயத்துல வெறும் ரொட்டி தின்ன மூக்குக்கு இப்ப பருப்பு நாறுதோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அம்மாக்கண்ணு, "நாறுதுங்க மொதலாளி. வேணும்னா ஒரு கரண்டி நீங்களே தின்னு பாருங்க" என்றார். கஜேந்திரன் உண்ணவில்லை. பைகளை எடுத்துவரச் செய்து, ஒட்டியிருந்த மீன் செதிலும் சேறும் போகக் குழாயடியில் கழுவி, ஃபிரீசரில் வைத்தார். நான் கல்லாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

14ஆம் திகதி காலை எட்டரை மணிக்கு, மலையிலிருந்து இறங்கிய இருபத்திரண்டு பேர் கொண்ட பஸ் குழுவொன்று சாப்பிட வந்தது. பைகளை வெட்ட அம்மாக்கண்ணு மறுத்துவிட்டார். கஜேந்திரன் அவரைப் பாத்திரம் கழுவப் பின்னால் அனுப்பிவிட்டு, தானே பைகளை வெட்டிச் சட்டியில் கொட்டி, நிறையப் பூண்டும் செத்தல் மிளகாயும் தாளித்துப் போட்டுக் கிளறினார். அதன் பின்னர் பரிமாறப்பட்டது. வெள்ளைச் சேலை அணிந்த ஒரு வயதான அம்மா ஒரு வாய் உண்டுவிட்டு, பருப்பில் புளி சேர்ப்பீர்களா என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

பதினொரு மணியளவில் பஸ் தரிப்பிடத்தில் அவர்கள் வாந்தியெடுக்கத் தொடங்கினர். அந்த அம்மா தன் வெள்ளைச் சேலையெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டு, வெட்கத்தில் முந்தானையால் தரையைத் துடைக்க முயன்றார். பதினொரு பேர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்த அம்மாவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று அறிகிறேன்.

பொலிஸார் வந்து விசாரித்தபோது கஜேந்திரன், அம்மாக்கண்ணுவின் அசுத்தமான கைதான் காரணம் என்றும், அன்று சமைத்தவரும் அவரே என்றும் சொன்னார். "அப்படித்தானே, சேர்?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அம்மாக்கண்ணு என்னைப் பார்த்து, "நீங்களுமா சேர்?" என்று மட்டும் கேட்டார். அதன் பின்னர் அவரை அழைத்துச் சென்றனர். மூன்று நாட்களாக அவர் உள்ளே இருக்கிறார். அன்று நான் தலையாட்டியது பொய். அம்மாக்கண்ணு அன்று எந்தக் கறியையும் தொடவில்லை. பைகளில் திகதி மாற்றியது என் கை, அவருடையது அல்ல. என் குறிப்புப் புத்தகத்தையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மேற்கூறியவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. மற்றவை சரி. தாளில் மூன்றாவதாக நான் எழுதிவந்தது பிழை. பைகளுக்குள் வெளிக்காற்று புகவில்லை. அந்த வாயு உள்ளே பழுதாகிய உணவிலிருந்து உண்டானது. இதை நான் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. ஊசியைக் குத்துவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டேன். வெளிக்காற்றுக்கு யாரும் மூச்சை அடக்குவதில்லை. மூன்றாவதை அழிக்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் பிழை என்று குறிக்கும்படி கேட்டுக்கொண்டு, என் சுயபுத்தியுடன் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. செல்வரத்தினம்